மெட்ராஸ் சுற்றிக் காட்டிய சாம்பசிவன்

மெட்ராஸைச் சுற்றிக் காட்டுவதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று சாம்பசிவன் சொல்லிக்கொள்வார். அவர் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் காந்திமதி, அவருக்கு எதிர்வீடு. கிழக்குத் தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகிற வழியில், சுப்பராயலு என்பவர் தன் நெல் வயலைப் பிளாட் போட்டு விற்றார். அந்த நகரில் எண்பத்திரண்டாம் வருஷம் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது, சாம்பசிவனும் அவர் மனைவி பட்டு மாமியும் ஏற்கெனவே வந்து வேலிகூடப் போட்டுவிட்டார்கள். அவருக்குப் பாரிமுனையில் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். அங்கே அவர் பேச்சை ஒருவரும் காது கொடுத்துக் கேட்பதில்லை என்பது, சாயங்காலம் அவர் ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிற நடையிலேயே தெரியும். வாரம் முழுக்கப் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் தலையில் கொட்டுவார்.

விருந்தாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. பிள்ளைகுட்டி இல்லாத வீடு, இரண்டு அறை காலி, மெட்ராஸ் அட்ரஸ். மன்னார்குடிப் பக்கத்து உறவுக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், இன்டர்வியூவுக்கு வருவார்கள், பெண் பார்க்க வருவார்கள். எதற்கு வந்தாலும் ஒரு நாளை ஒதுக்கி மெட்ராஸ் பார்த்துவிட்டுத்தான் ரயிலேறுவார்கள். சுற்றிக் காட்டாமல் அனுப்பினால் ஊரில் போய் என்ன பேசுவார்களோ என்று எங்கள் நகரில் எல்லாருக்குமே ஒரு பயம் உண்டு. நாங்கள் வண்டலூரில் மிருகங்களைக் காட்டி அனுப்பிவிடுவோம். சாம்பசிவனுக்கு அது போதாது. காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் முழு மெட்ராஸையும் காட்டியாக வேண்டும் அவருக்கு.

என் தங்கை குடும்பம் திருநெல்வேலியிலிருந்து வந்தபோது, பாவம் நல்ல மனுஷன் கூப்பிடுகிறாரே என்று நாங்களும் ஒரு தடவை அவர் பின்னால் போய்த் தொலைத்தோம். மின்சார ரயில் பல்லாவரம் தாண்டியதும் எழுந்து நின்றுகொண்டார். திரிசூலத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு விமானத்தின் வால் தெரிந்தது. "ஏர்போர்ட் பாத்தாச்சு" என்றார். என் தங்கை பையன் எங்கே எங்கே என்று திரும்புவதற்குள் மீனம்பாக்கம் வந்துவிட்டது. கிண்டியில் இறங்கிப் பாம்புப் பண்ணை. ஒரு ராஜநாகம் படம் எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அது முடிவு செய்வதற்குள் எங்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பஸ் ஜன்னல் வழியாக எல்.ஐ.சி. கட்டடம், அதுவும் பார்த்தாச்சு. எழும்பூர் மியூசியத்தில் அவர் நடந்த வேகத்துக்கு ஐம்பொன் சிலைகளெல்லாம் ரயிலுக்கு வெளியே ஓடுகிற தந்திக் கம்பம் மாதிரி ஓடின. என் தங்கை ஒரு நடராஜர் முன்னால் நின்று கையைக் கூப்பப் போனாள். "கும்பிடறதெல்லாம் ஊர்ல வச்சுக்கலாம், நடங்கோ" என்றார். நாங்கள் கால் வலிக்கிறது என்று சொல்லி அங்கேயே கத்தரித்துக்கொண்டு அடுத்த ரயிலில் வீடு வந்து சேர்ந்தோம். இத்தனைக்கும் எங்கள் நகரிலிருந்து நடக்கிற தூரத்தில், மாடம்பாக்கத்தில், சோழன் கட்டின சிவன் கோயில் இருக்கிறது. அங்கே ஒருத்தரையாவது கூட்டிப் போனாரா என்றால் கிடையாது. நடந்து போகிற இடமெல்லாம் அவர் கணக்கில் பார்க்கிற இடம் ஆகாது.

இந்த ஊர்கோலத்துக்கு எல்லாம் சோறு கட்டிக் கொடுத்தது பட்டு மாமி. விடியுமுன் எழுந்து புளியோதரை கிளறி, பெரிய எவர்சில்வர் சம்படத்தில் அமுக்கி, வயர் கூடையில் வைத்து, மேலே வாழையிலை நறுக்கையும் சொருகி அனுப்புவாள். அவர்கள் தெரு முனை திரும்புகிறவரை வாசலில் நிற்பாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரிச் சமையலுக்கு அரிசி களைவாள்.

மாமி ஏன் போவதில்லை என்றால், அதற்கு ஒரு சட்டம் இருந்தது. எங்கள் நகரில் அப்போது மொத்தமே ஏழெட்டு வீடு. மற்றதெல்லாம் கருவேலமும் தும்பையும். முதல் வருஷமே ஏசுபாதம் வாத்தியார் கிறிஸ்துமஸுக்கு நாகர்கோவில் போயிருந்தபோது திருடன் ஓட்டைப் பிரித்து இறங்கி, குக்கர், டிரான்சிஸ்டர், போட்டுக்கொண்டு போக மிச்சமிருந்த வேட்டி வரைக்கும் வழித்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து எந்த வீட்டையும் பூட்டிவிட்டுப் போவதில்லை என்று ஆகிவிட்டது. ஒரு ஆள் எப்போதும் வீட்டில் இருக்கவேண்டும். அந்த ஒரு ஆள் எல்லா வீட்டிலும் பொம்பளையாகவே இருந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பூட்டு வாங்கக் காசில்லாமல் இல்லை. பொண்டாட்டியை எந்தத் திருடனாலும் கள்ளச்சாவி போட்டுத் திறக்க முடியாது என்று சௌகரியம் கண்டுகொண்டார்கள். வருஷங்கள் போய், காலி மனையெல்லாம் வீடாகி, தெருவிளக்கு வந்து, கூர்க்கா வந்து விசில் ஊதின பிறகு, மற்ற வீட்டுக்காரர்கள் மெல்ல மெல்லப் பூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போக ஆரம்பித்தோம். சாம்பசிவன் வீட்டில் மட்டும் அந்தச் சட்டம் அப்படியே இருந்தது.

மாமிக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மெரினாவில் இருக்கிற லைட் ஹவுஸ் மேலே ஏறி நின்று ஒரு தரம் ஊரைப் பார்க்கவேண்டும்.

இந்த ஆசையை வளர்த்ததே விருந்தாளிகள்தான். சாயங்காலம் கால் வீங்கித் திரும்புகிற கூட்டத்துக்கு மாமி காபி கொடுப்பாள். மற்ற இடங்களைப் பற்றி யாருக்கும் ஞாபகம் இருக்காது. எங்கே நின்று பார்த்தார்கள், ஞாபகம் இருக்க? ஆனால் லைட் ஹவுஸ் என்றதும் எல்லார் முகமும் மாறிவிடும். அங்கே மட்டும் அவர் விரட்டுவதில்லையாம். லிஃப்டில் ஏறிப் போனால் உச்சியில் சுற்றிவரக் கம்பி போட்ட தாழ்வாரம். ஒரு பக்கம் கடல், கப்பல். இன்னொரு பக்கம் தென்னை மரமும் மாடியுமாக மொத்த மெட்ராஸ். மாமி எல்லாரிடமும் ஒன்றுவிடாமல் கேட்பாள். நம்ம தாம்பரம் தெரிந்ததா என்று கேட்பாள். பல்லாவரத்து மலை தெரிந்தது என்று யாரோ ஒரு பையன் சொன்னதற்கு, அவனுக்கு இன்னொரு டம்ளர் காபி கிடைத்தது.

"நான் மெட்ராஸுக்கு வாக்கப்பட்டேன்னு எங்க ஊர்ல பேரு" என்று கொடியில் துணி உலர்த்திக்கொண்டே என்னிடம் ஒரு நாள் சொன்னாள். "கல்யாணமாகி வந்தப்ப தாம்பரத்துல எறக்கினா. மேற்குத் தாம்பரத்துல வாடகை வீடு, இப்ப கிழக்குத் தாம்பரத்துல சொந்த வீடு. இத்தனை வருஷத்துல நான் பண்ணின பிரயாணம் தண்டவாளத்தத் தாண்டினதுதான். கடலைக்கூட ஒரு கல்யாணத்துக்குப் போறச்சே பஸ்லேர்ந்து பாத்ததோட சரி. எனக்கு கோயில் குளம் புடவைக் கடை ஒண்ணும் வேண்டாம் காந்திமதி. அந்த லைட் ஹவுஸ்ல ஏறி, நாம எந்த ஊர்லதான் இருக்கோம்னு ஒரு தரம் பாத்துட்டா போதும்."

எனக்கு அந்த மனுஷன்மேல் கோபம் வந்தது. இதைக் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று எனக்கே மனப்பாடம். நாலு வீடு கேட்கிற மாதிரி சொல்லுவார்.

"நாம இங்கயே இருக்கறவா. வெளியூர்க்காராளுக்குத்தான் அவசரம், அவா ராத்திரி ரயிலேறணும். லைட் ஹவுஸ் எங்கே ஓடிப்போறது?"

கோடையில் கேட்டால் வெயில். ஐப்பசியில் கேட்டால் மழை. தை மாசம் கேட்டால் கூட்டம் அதிகம். ஒரு தடவை மாமி சேலை கட்டி ரெடியாக நின்றபோது கடலூரிலிருந்து ஒரு சித்தப்பா மூட்டையோடு வந்து இறங்கினார். மறுநாள் அந்தச் சித்தப்பா லைட் ஹவுஸ் பார்த்தார், மாமி அவருக்கு மிளகு ரசம் வைத்தாள். கேட்டால், வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்பார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்" என்று சிரிப்பார். என் சிரமத்தைப் பற்றி அவ்வளவு அக்கறை என் புருஷனுக்குக்கூட இருந்ததில்லை.

தொண்ணூறுகள் தொடங்கின சமயம், மாமியின் தம்பி ஸ்ரீரங்கன் நாக்பூரிலிருந்து வந்தான். அக்காவைப் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது. அன்று அவர்கள் வீட்டில் அடை. நான் உறைமோர் வாங்கப் போனவள், மாமி உட்காரச் சொன்னதால் உட்கார்ந்துவிட்டேன். பேச்சுவாக்கில் ஸ்ரீரங்கன் கேட்டான்.

"அக்கா, மெட்ராஸ்ல பாக்கறதுக்கு எது நன்னாயிருக்கும்?"

"லைட் ஹவுஸ்" என்றாள் மாமி, தோசைக்கல்லைப் பார்த்தபடி.

"நீ ஏறினயா?"

"நான் என்ன வெளியூரா?"

ஸ்ரீரங்கனுக்கு முதலில் புரியவில்லை. நான் புரிய வைத்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அவன் தட்டை நகர்த்திவிட்டு அத்திம்பேரைப் பார்த்தான். "நாளைக்கு நான் ஆத்துல இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ" என்றான்.

இப்போது வெயில் வரும், அல்லது முழங்கால் வலி வரும் என்று நான் காத்திருந்தேன். சாம்பசிவன் வெல்லத்தை நசுக்கி அடைமேல் தடவிக்கொண்டே, "பேஷா போலாமே. எத்தனை நாளாச்சு அவளும் கேட்டு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போகட்டும், மச்சினன் ஒருத்தன் கேட்டாவது திருந்தினாரே என்று நினைத்தேன். மாமி என்னையும் வரச்சொன்னாள். வேண்டாமென்று சொல்ல எனக்கு மனசில்லை.

மாமி அரக்குக் கலர் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். கையில் வயர் கூடை, அதில் புளியோதரைச் சம்படம். மூன்று பேருக்கு எதற்கு இவ்வளவு என்றால், கை அளவு தெரியாமல் வந்துவிட்டது என்றாள். ரயிலில் ஜன்னல் ஓரத்தை அவளுக்குக் கொடுத்தேன். மீனம்பாக்கத்தில் நிஜமாகவே ஒரு விமானம் எழும்பியது. அவள் கழுத்தை வளைத்து அது மறைகிறவரை பார்த்தாள். சைதாப்பேட்டையில் இறங்கிப் பஸ் மாறினோம். சாம்பசிவன் வழிநெடுக வாய் மூடவில்லை. மாமி ஒன்றுக்கும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை, ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள்.

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அண்ணாந்து பார்த்தாள். சிவப்பும் வெள்ளையுமாக அது நின்றது. "எவ்வளவு உசரம்" என்றாள். கேட்டை நோக்கி அவள்தான் முதலில் நடந்தாள்.

கேட் மூடியிருந்தது. உள்ளே ஒரு போலீஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்துகூட வரவில்லை.

"மூடியாச்சும்மா. பாதுகாப்பு. இனிமே பப்ளிக் யாருக்கும் அனுமதி கிடையாது."

"எப்பத் திறப்பா?" என்று மாமி கேட்டாள்.

"திறக்கமாட்டாங்க."

மாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஏறிப்போகிற வாசல் நன்றாகத் தெரிந்தது.

சாம்பசிவன் உச்சுக்கொட்டினார். "அடடா. இப்படிப் பண்ணிட்டானே. நாம என்ன செய்யறது, நம்ம அதிர்ஷ்டம்" என்றார். சொன்ன கையோடு ரோட்டோரத்தில் நின்று கையை நீட்டி ஆரம்பித்துவிட்டார். மேலே போனால் இந்தப் பக்கம் துறைமுகம் தெரியும், அந்தப் பக்கம் அடையாறு கடலில் சேருவது தெரியும், சாந்தோம் சர்ச் உள்ளங்கை அளவு இருக்கும், நான் சொன்னா நீ பாத்த மாதிரிதானே என்று ஒரே அடுக்கு. இந்த மனுஷனைப் பிடித்துக் கடலில் தள்ளினால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

பக்கத்தில் ஒரு அம்மாள் கூடையில் வேர்க்கடலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"இன்னா சார், இன்னிக்கு வூட்டுக்காரம்மாவ இட்டாந்துட்டியா? மேல வுடமாட்டாங்கன்னு உனக்குத்தான் தெரியுமே. போன மாசம் தனியா வந்து போலீஸ்காரராண்ட கேட்டுகினு போனியே."

சாம்பசிவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "யாரையோ பாத்துட்டு என்னைச் சொல்றே" என்றார்.

"உன்னைத் தெரியாதா எனக்கு? முனியம்மா கண்ணு தப்பாது. எத்தினி வருசமா வர்ற. எல்லாரையும் மேல அனுப்பிட்டு, கூடைய மடியில வச்சிகினு என்னாண்டதான குந்திகினு இருப்ப. ஒரு தபா ஏறிப் பாரேன் சார்னு நான் சொன்னதுக்கு, உசரம்னாலே தல சுத்துது முனியம்மான்னு சொன்னியே. அவங்க கீய வந்து இன்னா பாத்தோம்னு சொல்றத கேட்டுகினே இருப்ப. உனக்கு அது தொறந்தா இன்னா, மூடுனா இன்னா." அவளுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பழகின மனுஷனிடம் பேசுகிற சந்தோஷத்தில் பேசிவிட்டாள்.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. லைட் ஹவுஸில் மட்டும் ஏன் விரட்டுவதில்லை என்றால், மேலே போய் விரட்ட அவருக்குத் தைரியம் இல்லை. விருந்தாளியிடம் கூடையை வாங்கிக்கொண்டு நீங்கள் போய்வாருங்கள் என்று சொன்னால் உபசாரம் என்று நினைத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். கீழே இறங்கி வந்து, அவர் வரவில்லை என்று யார் மெனக்கெட்டுச் சொல்லப்போகிறார்கள்? பெண்டாட்டியை அப்படி அனுப்ப முடியாது. ஏன் வரவில்லை என்று அவள் கேட்பாள். அதனால் வீட்டுக்குக் காவல் என்று ஒரு பெயர் வைத்து அவளைத் தாம்பரத்திலேயே உட்காரவைத்துவிட்டார். இப்போது மூடிவிட்டார்கள் என்பதை நேரில் வந்து உறுதி செய்துகொண்ட பிறகு, பேஷா போலாமே என்று தாராளம். இவ்வளவு யோசனையையும் ஆபீசில் காட்டியிருந்தால் எப்போதோ சூப்பரின்டென்டன்ட் ஆகியிருப்பார்.

நான் வாயைத் திறந்தேன். மாமி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

மாமி அழவில்லை. முனியம்மாவின் பக்கத்தில் போய் மண்ணில் உட்கார்ந்தாள். கூடையைத் திறந்து, இலையில் புளியோதரை எடுத்து வைத்து முதலில் அவளுக்குக் கொடுத்தாள். எனக்குக் கொடுத்தாள். தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டாள். சாம்பசிவன் நின்றுகொண்டே இருந்தார். இலை மிச்சம் இருந்தது, அவருக்கு வைக்கவில்லை.

"ஆக, நான் ஆத்துக்குக் காவல். நீங்க என் புளியோதரைக்குக் காவல்" என்றாள் மாமி.

"பட்டு, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். பயந்தவாளை நான் பாத்ததில்லையா? எனக்கே பல்லின்னா பயம்." அவள் குரல் உயரவேயில்லை. கண் மட்டும் அந்த உச்சியிலேயே இருந்தது. "எனக்குப் பயமா இருக்கு பட்டு, நீ மட்டும் போயிட்டு வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் தனியா ஏறிப் பாத்துட்டு வந்திருப்பேன். நீங்க பாட்டுக்குக் கீழயே உக்காந்திருக்கலாம்."

சாம்பசிவன் வாயிலிருந்து அன்றைக்கு அதற்குமேல் ஒரு இடத்தின் பெயரும் வரவில்லை.